டார்ச் எவ்வளவு தூரம் அடிக்கும், எவ்வளவு தூரம் தெரியும்

பெட்டியில் ‘500 மீட்டர்’ என்று போட்டிருக்கும் டார்ச்சை நம்பி இரவுத் தேடலுக்கு இறங்குகிறவர்களை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். காணாமல் போனவர்களைத் தேடும் தன்னார்வக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். புதிதாக வரும் எந்தக் குழுவையும் முதலில் ஒரு திறந்தவெளிக்குக் கூட்டிப்போய், தூரம் அளந்து குச்சி நட்டு, அவரவர் டார்ச்சை அடித்துப் பார்க்கச் சொல்வேன். பெட்டியில் இருக்கும் எண் பெரும்பாலும் பொய் இல்லை. ஆனால் அது சொல்வது ஒன்று, நாம் எடுத்துக்கொள்வது வேறொன்று. இடையில் இருக்கும் வித்தியாசத்தில் புல்லுக்குள் கிடக்கும் ஒரு மனிதரைத் தாண்டிப் போய்விட முடியும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்த எண் வரும் வழி இதுதான். 2009-ல் அமெரிக்காவில் ஏஎன்எஸ்ஐ எஃப்எல் 1 என்ற தரநிலை வந்தது. நல்ல தயாரிப்பாளர்கள் பலர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அதன்படி ஒரு டார்ச்சின் தூரம் என்பது, அதன் வெளிச்சம், ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில், 0.25 ஆகக் குறையும் இடம். மேகமில்லாத பௌர்ணமி இரவில் வெட்டவெளியில் தரையில் விழும் நிலவொளி ஏறக்குறைய அந்த அளவுதான். அங்கே ஒரு ஆளை நிறுத்தி, இங்கிருந்து யாரும் பார்த்துச் சொன்னதில்லை. ஒளிக்கற்றையின் உச்சச் செறிவை, அதாவது ஒரு திசையில் வெளிச்சம் எவ்வளவு வலுவாகப் பாய்கிறது என்பதை, கேண்டெலா என்ற அலகில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குவார்கள், அவ்வளவுதான். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். 40,000 என்றால் 400 மீட்டர். தூரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் செறிவு நான்கு மடங்காக வேண்டும், ஏனென்றால் விழும் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது.

பௌர்ணமி வெளிச்சத்தில் நடக்க முடியுமே, அது போதாதா என்று கேட்பார்கள். நிலவில் நடக்கும்போது நாம் பார்ப்பது காலடியில் இருக்கும் பாதையை. இங்கே நிலவளவு வெளிச்சம் விழுவது அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், அதை நாம் இங்கிருந்து பார்க்க வேண்டும். நல்ல பார்வையுள்ள கண்ணே, பகலிலேயே, 100 மீட்டர் தொலைவில் சுமார் 3 சென்டிமீட்டருக்குக் குறைவான நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்காது. ஒரு முகத்தின் அகலத்தில் அப்படிப்பட்ட புள்ளிகள் ஐந்துதான் அடங்கும். 200 மீட்டரில் அதிலும் பாதி. மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் கூர்மை இன்னும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆக, 200 மீட்டரில் நிற்பவர் யார் என்று எந்த டார்ச்சாலும் காட்ட முடியாது. பகலே காட்டாததை டார்ச்சிடம் எதிர்பார்க்கக் கூடாது.

என் அனுபவத்தில் ஓரளவு கைகொடுக்கும் கணக்கு இப்படி இருக்கிறது. பெட்டியில் உள்ள தூரத்தில் பாதிக்கு வந்தால் 1 லக்ஸ் கிடைக்கும். ‘அங்கே ஏதோ இருக்கிறது’ என்று சொல்லலாம். கால்வாசிக்கு வந்தால் 4 லக்ஸ். ‘அது ஆள்தான்’ என்று சொல்ல ஆரம்பிக்கலாம். அதுவும் நிற்கிற ஆள், வெளிர்நிற உடை என்றால். கருநீலச் சட்டை போட்டு முழங்கால் உயரப் புல்லில் படுத்துக் கிடப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அடர்நிறத் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தில் சில சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது.

அடுத்து லூமென். பெரும்பாலோர் டார்ச் வாங்குவது இந்த எண்ணைப் பார்த்துத்தான். டார்ச்சிலிருந்து மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வெளியே வருகிறது என்பதை லூமென் சொல்லும். அது எங்கே போகிறது என்பதைச் சொல்லாது. பயிற்சியில் வழக்கமாக இரண்டு டார்ச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடிக்கச் சொல்வேன். ஒன்று 1000 லூமென், அகலமாகப் பரவுவது, உச்சச் செறிவு 5,000 கேண்டெலா. இன்னொன்று 600 லூமென்தான், ஆனால் பெரிய ரிஃப்ளெக்டர் வைத்து ஃபோகஸ் அடிப்பது, 60,000 கேண்டெலா. 10 மீட்டரில் முதல் டார்ச் 50 லக்ஸ் தருகிறது. ஒரு பெரிய அறை அளவுக்கு இடம் முழுக்க வெளிச்சம், கல், குழி, செருப்பு எல்லாம் தெரிகிறது. ஃபோகஸ் டார்ச் அதே தூரத்தில் 600 லக்ஸை ஒரு குடை அகலத்துக்குள் கொட்டுகிறது. அந்த வட்டம் கண்ணைக் கூசவைக்கும், அதற்கு வெளியே இருப்பது கவனத்தில் ஏறாது. இந்தத் தூரத்தில் எல்லோரும் முதல் டார்ச்சுக்குத்தான் கை தூக்குவார்கள். அது சரியும்கூட.

25 மீட்டரில் முதலாவது 8 லக்ஸுக்கு இறங்கிவிடும், ஆனாலும் தேடலுக்கு அதுதான் இன்னும் நல்லது. 50 மீட்டரில் 2 லக்ஸ். இங்கேதான் பேச்சு மாறும். குச்சியில் கட்டிய வெள்ளைத் துணி தெரிகிறது, பக்கத்தில் கிடக்கும் அடர்நிறச் சட்டையை யாரும் சொல்வதில்லை. ஃபோகஸ் டார்ச்சைத் திருப்பினால் அதே இடத்தில் 24 லக்ஸ், சட்டையின் மடிப்பு வரை தெரிகிறது. 100 மீட்டரில் முதல் டார்ச் அரை லக்ஸ்தான், இரண்டாவது 6. 200 மீட்டரில் முதலாவது அதன் எல்லையைத் தாண்டிவிட்டது, இரண்டாவது 1.5 லக்ஸோடு இன்னும் வேலை செய்கிறது. ஆனால் அதன் வட்டம் 4 டிகிரி அகலம் என்றால் 100 மீட்டரில் 7 மீட்டர்தான் விட்டம். ஒரு வயல்வெளியை அந்த வட்டத்தால் வரிவரியாகத் துழாவ எவ்வளவு நேரமாகும் என்று கையில் பிடித்துப் பார்த்தால்தான் புரியும். ஒரு மரத்தடியில், ஒரு கரையோரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க அது அருமையான கருவி. பரப்பைத் தேட அது உதவாது.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சோதனை அங்கேதான் தோற்கிறது. அகலமாகப் பரவும் டார்ச்சை முழு வெளிச்சத்தில் வைத்துத் தாழ்த்திப் பிடித்தால், 2 மீட்டர் முன்னால் உள்ள புல்லில் 1250 லக்ஸ் வரை விழும். 100 மீட்டரில் விழுவதோடு ஒப்பிட்டால் இது 2500 மடங்கு. கண் அருகிலிருக்கும் பளீர் வெளிச்சத்துக்குப் பழகிவிடும்; தூரத்தில் இருக்கும் மங்கல் அதற்குக் கறுப்புதான். அப்போது கற்றையின் நடுப்பகுதியைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தினாலே தூரம் திறக்கும். கிட்டத்தில் தேடும்போது வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால் முன்பைவிட அதிகம் தெரிவதும் உண்டு. முதல்முறை செய்பவர்கள் நம்பமாட்டார்கள். இருளுக்குக் கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பக்கத்தில் நிற்பவர் ஒருமுறை முகத்தில் டார்ச் அடித்தால் போதும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டார்ச்சை எங்கே பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் கண்ணின் நேர்கோட்டிலேயே போவதால், நிழல்கள் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தரை தட்டையாகத் தெரியும், பள்ளம் பள்ளமாகத் தெரியாது. அதே வெளிச்சத்தை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் ஒவ்வொரு மேடும் நிழல் போடும். மிதிபட்ட புல், செருப்புத் தடம், இழுத்துப்போன கோடு எல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுந்து நிற்கும்.

ஒளிர்பட்டைகள் இதற்கு நேர்மாறு. உடையிலும் ஷூவிலும் இருக்கும் அந்தப் பட்டை, வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் டார்ச்சைக் காதோரம், கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் நமக்கு அது முழுதாகப் பளிச்சிடும். கிட்டத்தில் இந்த வித்தியாசம் பெரிது, தூரம் கூடக்கூடக் குறையும். பல விலங்குகளின் கண்ணும் இதே மாதிரிதான் மின்னும். சோதனையில் 200 மீட்டரிலிருந்து ஒரு ஷூவின் பட்டை நட்சத்திரமாகத் தெரிய, அதைப் போட்டிருக்கும் ஆளின் உருவம் துளிகூடத் தெரியாமல் இருக்கும். ‘200 மீட்டரில் ஆளைப் பார்த்துவிட்டேன்’ என்று யாராவது சொன்னால், பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பனிமூட்டம், புழுதி, தூறல் இருந்தால் இதுவரை சொன்ன எல்லா எண்களும் சரிந்துவிடும். துளிகள் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கும், முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் நிற்கும். அப்போது நெற்றி விளக்கை அணைத்துவிட்டு, குறுகிய கற்றையுள்ள டார்ச்சைக் கையை நீட்டிக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறங்களையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். எந்த நிறம் என்பதைவிட எங்கே பிடிக்கிறோம் என்பதுதான் அங்கே கணக்கு.

இன்னொரு விஷயம், நேரம். அந்தத் தரநிலையில் லூமெனை அளப்பது டார்ச்சைப் போட்ட 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில். டர்போ என்று சொல்லும் உச்ச வெளிச்சத்தில் சின்ன டார்ச்சுகள் சீக்கிரமே சூடேறி, தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே போட்டவுடன் பார்த்ததை வைத்து முடிவு செய்யாமல், 10 நிமிடம் எரியவிட்டு அதே குச்சிகளை மறுபடி பாருங்கள். இதில் ஒரு ஆறுதல், வெளிச்சம் கால்வாசியாகக் குறைந்தாலும் தூரம் பாதியாகத்தான் குறையும். ஓடும் நேரத்தையும் இப்படித்தான் கவனித்துப் படிக்க வேண்டும். ஆரம்ப வெளிச்சத்தில் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரை உள்ள நேரம் முழுவதையும் அதில் சேர்த்துவிடுவார்கள். 500 மீட்டர் டார்ச் அந்தக் கடைசிக் கட்டத்தில் 158 மீட்டர் டார்ச்தான்.

சரி, சோதனையை எப்படிச் செய்வது? நிலவில்லாத இரவு, தெருவிளக்கு எட்டாத இடம். 10, 25, 50, 100, 200 மீட்டரில் குச்சிகள். இலக்குக்கு வெள்ளைத் துணியோடு கட்டாயம் ஒரு அடர்நிறச் சட்டையும் வேண்டும், அதைத் தரையில் போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பார்ப்பவருக்கு இலக்கு எங்கே என்று தெரியக் கூடாது. இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் கண் அதைக் கண்டுபிடித்தே தீரும், அந்தத் தூரம் தேடலில் ஒருபோதும் கிடைக்காது. வேறொருவர் இடத்தை மாற்றி மாற்றிப் போடட்டும். ‘ஏதோ இருக்கிறது’ என்று சொன்ன தூரத்தையும், ‘அது சட்டை’ என்று சொன்ன தூரத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்து ஒப்பிடுவதானால் கேமராவை ஆட்டோவில் விடாதீர்கள். அது மங்கலான டார்ச்சையும் தூக்கிக் காட்டிவிடும். ஐஎஸ்ஓ, ஷட்டர், அபெர்ச்சர், வைட் பேலன்ஸ் நான்கையும் பூட்டி, எல்லா டார்ச்சுக்கும் அதையே வைக்க வேண்டும். லக்ஸ் மீட்டர் இருந்தால் 10 மீட்டரில் உச்ச வெளிச்சத்தை அளந்து நூறால் பெருக்குங்கள், கேண்டெலா கிடைத்துவிடும். 250 லக்ஸ் வந்தால் 25,000 கேண்டெலா, பெட்டிக் கணக்கில் 316 மீட்டர். பெரிய ரிஃப்ளெக்டர் டார்ச்சை 1 மீட்டரில் அளக்க வேண்டாம், அங்கே கற்றை இன்னும் சரியாகத் திரண்டிருக்காது.

தேடியவர் கிடைத்துவிட்டால் ஃபோகஸ் டார்ச்சை உடனே முகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மணிக்கணக்காக இருட்டில் இருந்த கண்ணுக்கு அது தாங்காது. மிரண்டு எழுந்து ஓடினால் காலடியில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவருக்கு முன்னால் தரையில் அடித்தபடி நெருங்குங்கள்.

எங்கள் பயிற்சியில் இப்போது ஒவ்வொருவருக்கும் நடுத்தர வெளிச்சத்தில் நெடுநேரம் ஓடும் அகலமான டார்ச் ஒன்று, குழுவுக்கு ஓரிரு ஃபோகஸ் டார்ச். வரிசையாக நடக்கும்போது இருவருக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைப் பெட்டியைப் பார்த்து முடிவு செய்வதில்லை. இடம் தெரியாமல் தேடியவர், தரையில் கிடந்த அடர்நிறச் சட்டையை எந்தத் தூரத்தில் கண்டுபிடித்தாரோ, அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம். வெறும் தரையில் எடுத்த அளவு புதருக்குள் செல்லாது. புல் உயரமானாலோ தூறல் விழுந்தாலோ, அங்கேயே நின்று மறுபடி ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு இடைவெளியைக் குறைக்க வேண்டும்.