வீட்டு வரி நோட்டீஸ் வரும் முன்பே கிராம சபைக்குப் போங்கள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்து ஆட்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜிஎஸ்டி, வருமான வரிதான் முக்கிய வேலை. ஆனால் பஞ்சாயத்திலிருந்து வரும் வீட்டு வரி நோட்டீஸைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு "இதை எப்படியாவது குறைச்சுக் குடுங்க" என்று வருகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். நோட்டீஸ் மலையாளத்தில் இருக்கும், அவர்களுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும், என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் தொகையை மட்டும் பார்த்துப் பதறி வருவார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கணக்கில் பிழை இருந்தால் திருத்தலாம், ஆனால் ரேட்டே அதிகம் என்றால் அதை இப்போது என்னாலும் குறைக்க முடியாது, பஞ்சாயத்து செக்ரட்டரியாலும் குறைக்க முடியாது, ஏனென்றால் அது பஞ்சாயத்து மெம்பர்கள் கூடும் கமிட்டியில் தீர்மானமாகி முடிந்துவிட்டது. தீர்மானத்துக்கு முன்னால் பேச நமக்குக் கிராம சபை என்று ஒரு இடம் இருந்தது, அங்கே நம் ஆட்கள் யாரும் பேசவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் எந்த வரி யாருக்கு என்பதைப் பிரித்துப் பார்த்துவிடலாம், பாதிக் குழப்பம் அங்கேதான். நிலத்துக்குக் கட்டுகிற கரம் வில்லேஜ் ஆபீஸுக்குப் போகிறது. புது வீடு கட்டி முடித்ததும் ஒரே ஒரு தடவை கட்டும் கட்டட வரி 1975-ஆம் வருடச் சட்டப்படி வருவாய்த் துறை வாங்குவது. 100 சதுர மீட்டருக்குள் உள்ள வீட்டுக்கு அது கிடையாது. இந்த இரண்டிலும் பஞ்சாயத்துக்குச் சம்பந்தமே இல்லை. பஞ்சாயத்து வாங்குவது வருடா வருடம் கட்டும் வீட்டு வரி, இரண்டு அரையாண்டாகப் பிரித்தும் கட்டலாம். அதன் மேல் 5 சதவீதம் நூலக வரி. அப்புறம் பிளாஸ்டிக் எடுக்க வரும் ஹரித கர்ம சேனைக்கு மாதம் 50 ரூபாய். அதைக் கட்டாமல் விட்டால் வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கச் சட்டத்தில் இப்போது இடம் இருக்கிறது, அதனால் "குப்பைக் காசுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டு வரிக் கணக்கு அப்படியொன்றும் கஷ்டமில்லை. முன்பு வாடகை மதிப்பை வைத்துப் போட்டார்கள், இப்போது தரைப் பரப்பை வைத்துப் போடுகிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கிராம பஞ்சாயத்தில் 300 சதுர மீட்டர் வரையுள்ள குடியிருப்பு வீட்டுக்கு சதுர மீட்டருக்கு 6 ரூபாயிலிருந்து 10 ரூபாய் வரை என்று அரசு ஒரு வரம்பு போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த 6-க்கும் 10-க்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை முடிவு செய்வது உங்கள் பஞ்சாயத்து கமிட்டி. 90 சதுர மீட்டர் வீட்டுக்கு 6 ரூபாய் என்றால் வருடம் 540, 8 என்றால் 720, 10 என்றால் 900. இதில் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது, முன்னால் ரோடு உண்டா, எத்தனை வருடப் பழைய கட்டடம், ஓடா கான்கிரீட்டா என்பதையெல்லாம் பார்த்துக் கூட்டிக் கழிப்பார்கள். வருடா வருடம் 5 சதவீதம் தானாக ஏறவும் செய்யும். ஆக, தொடக்கத்தில் போடுகிற ரேட் உயரமாக இருந்தால் அதன் மேல் ஏறுவதும் உயரமாகத்தான் ஏறும்.

கணக்கில் பிழை இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தனியாக இருக்கும் ஒரு பாட்டியம்மா கொண்டுவந்த நோட்டீஸில் பரப்பு 74 சதுர மீட்டர் என்று இருந்தது. பேரனிடம் டேப்பைக் கொடுத்து அளந்து வரச் சொன்னால் 57-தான் வந்தது. மிச்சம், எப்போதோ மழையில் இடிந்து விழுந்த பின்கட்டு, பழைய பதிவில் அப்படியே கிடந்திருக்கிறது. இதில் பெரிய விஷயம் என்னவென்றால், சொந்தமாகக் குடியிருக்கும் 60 சதுர மீட்டருக்குள்ளான வீட்டுக்கு, ஒருவருக்கு ஒரு வீடு என்ற கணக்கில், 2023 முதல் வரி விலக்கே உண்டு. அந்தம்மா வரி கட்டவே வேண்டியதில்லை. அளவையும் வீட்டின் போட்டோவையும் வைத்து செக்ரட்டரிக்கு எழுதிக் கொடுத்தோம், நேரில் வந்து பார்த்துத் திருத்திக் கொடுத்தார்கள். செக்ரட்டரி முடிவு சரியில்லை என்று பட்டால் மேல்முறையீடு உண்டு, அதற்கும் மேலே திருவனந்தபுரத்தில் உள்ளாட்சித் தீர்ப்பாயம் வரை போகலாம். கெடு இருப்பதால் நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

சரி, ரேட்டுக்கு வருவோம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பஞ்சாயத்தில் வரி கட்டுகிற வீடுகள் 8,000, சராசரிப் பரப்பு 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 1 ரூபாய் கூட்டினால் பஞ்சாயத்துக்கு வருடம் 6,40,000 ரூபாய் கூடுதலாக வரும். ஒரு வீட்டுக்கு 80 ரூபாய். நான் வரியே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை. தெருவிளக்கு எரிய வேண்டும், ஊருக்குத் தண்ணீர் வர வேண்டும். ஆனால் அந்த 6,40,000 எதற்கு என்று கேட்கிற உரிமை அந்த 80 ரூபாய் கொடுக்கிறவருக்கு இருக்கிறது, அதைக் கேட்டே ஆக வேண்டும். அதைவிட முக்கியமாக இன்னொன்றையும் கேளுங்கள்: பழைய பாக்கி எவ்வளவு வசூலாகாமல் நிற்கிறது? வருடக்கணக்காகக் கட்டாத கட்டடங்களின் பாக்கியை வசூலித்தாலே போதும் என்றால், ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில் எதற்கு ஏற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்கு பஞ்சாயத்து ஆபீஸில் பதில் இல்லாமல் இருக்காது. வரி விவரமெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

நம் ஆட்கள் கிராம சபைக்கே போவதில்லை என்று சொல்ல மாட்டேன். போகிறார்கள், பயனாளிப் பட்டியலுக்காகப் போகிறார்கள். வீடு, கறவை மாடு, கோழிக்குஞ்சு, தென்னைக்கு உரம் என்று பெயர் வாசிப்பார்கள், தன் பெயர் வந்ததும் எழுந்து வந்துவிடுவார்கள். வரவு செலவுக் கணக்கு வாசிக்கிற நேரத்தில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். ரோடு வேண்டும் என்று ஒருவர் கத்துவார், மெம்பர் "ஃபண்ட் இல்லை" என்பார், அதோடு முடிந்தது. எந்த ஃபண்ட் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. பஞ்சாயத்துக்கு வரும் பணம் பல பைகளில் வருகிறது. அரசு தரும் திட்ட நிதியில் ஒரு பகுதி பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் என்று ஒதுக்கியது, 10 சதவீதமாவது பெண்களுக்கான திட்டங்களுக்குப் போக வேண்டும். பராமரிப்பு நிதியில் ரோடுக்குத் தனி, மற்றதற்குத் தனி. மத்திய அரசின் 15-ஆவது நிதி ஆணையம் தந்த மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் என்று இருந்தது, அப்படி ஒதுக்கிய பணத்தை ரோடுக்குத் திருப்பு என்றால் மெம்பர் மனசு வைத்தாலும் நடக்காது. இதெல்லாம் போக, பஞ்சாயத்து ஓரளவு தன் இஷ்டப்படி செலவழிக்கக் கூடியது சொந்த நிதி. அது நம் வீட்டு வரி, தொழில் வரி, லைசன்ஸ் கட்டணம், பஞ்சாயத்துக் கட்டட வாடகையிலிருந்து வருவது. நம் பாக்கெட்டிலிருந்து நேராகப் போவதும் அதுதான், நாம் கேள்வியே கேட்காததும் அதுதான்.

நம் பக்கம் மழை மறைவுப் பகுதி. பாலக்காடு டவுன் பக்கம் கொட்டுகிற மழை இங்கே வருவதில்லை, மார்ச் பிறந்தால் லாரித் தண்ணீர்தான். எத்தனை லோடு, எந்த வார்டுக்கு, எந்த நிதியில் என்பதை ஏப்ரலில் குடத்தை வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்து கேட்பதைவிட பட்ஜெட் தயாராகும்போதே கேட்டால் ஒரு தலைப்பில் ஒரு தொகையாவது எழுதி வைப்பார்கள். எழுதி வைத்த தொகையை அப்புறம் "எங்கே?" என்று கேட்க முடியும். எழுதாததை எப்படிக் கேட்பீர்கள்?

கேரளத்தில் பட்ஜெட்டைத் தாக்கல் செய்கிறவர் பஞ்சாயத்து வைஸ் பிரசிடென்ட். நிதி நிலைக்குழுவுக்குத் தலைவர் அவர்தான், மதிப்பீடு தயாராவது அந்தக் குழுவில். மார்ச் 31-க்குள் பட்ஜெட் பாஸாகிவிட வேண்டும். எல்லோரும் பிரசிடென்டைத் தேடிப் போவார்கள், ஆனால் வரி, செலவு பற்றிய மனு என்றால் அதில் வைஸ் பிரசிடென்ட் பெயரும் இருக்கட்டும். போக வேண்டிய மாதங்கள் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. மார்ச் கடைசியில் போனால் அச்சடித்த புத்தகத்தைத்தான் காட்டுவார்கள்.

இன்னொரு குழப்பம் எல்லை ஊருக்கே உரியது. பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை. தமிழ் டிவியில் அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் அன்றைக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் தனிக் கிராம சபை, வார்டின் வாக்காளர் அத்தனை பேரும் அதில் உறுப்பினர், மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்ட வேண்டும், கூட்டுகிறவர் மெம்பர். தேதி வார்டுக்கு வார்டு மாறும். தொடர்ந்து இரண்டு முறை கூட்டாமல் விட்டால் மெம்பர் பதவியே போகும் என்று கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம், 1994 சொல்கிறது. வருடத்தின் முதல் கூட்டத்தில் போன வருடம் வார்டில் நடந்த வேலை, இந்த வருடம் நடக்கப் போகும் வேலை, ஆகும் செலவு, கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் வைக்க வேண்டும். போன தடவை சபை எடுத்த முடிவு நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று பிரசிடென்ட் காரணம் சொல்லியாக வேண்டும். இந்தக் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இதைவிடப் பலமான ஆயுதம் உங்கள் கையில் வேறெதுவும் இல்லை.

இப்போது நான் மனசு நொந்து சொல்கிற விஷயம். கூட்டத்துக்கு வாக்காளரில் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். 1,200 ஓட்டு இருக்கிற வார்டில் 120 பேர். ஆள் சேரவில்லை என்றால் தள்ளிவைத்து, மறுபடி கூட்டும்போது 50 பேர் போதும். அந்தக் குறையை மறைக்க வருகை ரெஜிஸ்டரை வீடு வீடாகக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர், தன் வார்டில் ரேட்டைக் கூட்டச் சம்மதித்த கூட்டத்தின் பதிவில் தன் கையெழுத்தையே பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, நான் அந்தக் கூட்டத்துக்கே போகலீங்களே. அந்தப் புள்ளை நோட்டைக் கொண்டாந்து நீட்டுச்சு, போட்டுக் குடுத்தேன். அதுக்கு இப்படி ஒரு அர்த்தமுங்களா?" ஆமாம், அதுதான் அர்த்தம். நீங்கள் வந்தீர்கள், கேட்டீர்கள், ஒத்துக்கொண்டீர்கள் என்று அந்தக் கையெழுத்து சொல்கிறது. கேட்டு வருகிறவர் அக்கம்பக்கத்துப் பெண்ணாக, மகளிர் சுயஉதவிக் குழுவான அயல்கூட்டத்தில் கூட உட்காருகிறவராக இருப்பார், முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வராது, எனக்கும் தெரியும். "கூட்டம் என்னைக்கும்மா, நானே வந்து போட்டுடறேன்" என்று சொல்லுங்கள், போதும். வீட்டில் இருந்தபடி மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கூட்டத்தில் பேசினால் மட்டும் போதாது, பேசியது மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏற வேண்டும். இரண்டே வரி தாளில் எழுதி, மேலே தேதி போட்டு, கூட்டத்தில் மெம்பர் கையில் கொடுத்து, இன்னொரு பிரதியில் வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தமிழிலேயே எழுதுங்கள். குறை சொல்லி எந்த அதிகாரிக்கும் மனுக் கொடுக்க நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியையும் பயன்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவே சொல்கிறது. கேரளத்தின் மொழிச் சட்டமும் மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. மலையாளம் வராது என்று வெட்கப்பட்டு வீட்டில் உட்காருகிறவர்களில் நன்றாகக் கணக்குத் தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுவின் வரவு செலவை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிறவர்கள். பஞ்சாயத்துக் கணக்கைக் கேட்க அவர்களைவிடத் தகுதியான ஆள் யார்?

மெம்பர் கூட்டவே மாட்டேன் என்கிறாரா? வார்டு வாக்காளரில் 10 சதவீதம் பேர், எதைப் பேச வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், 15 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். 120 கையெழுத்து பெரிய காரியமில்லை, இரண்டு தெருவும் ஒரு டீக்கடையும் போதும். மனுவில் "வரி அதிகம், குறைக்கவும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். சதுர மீட்டருக்கு இப்போது என்ன ரேட், என்ன ரேட் ஆக்கப் போகிறீர்கள், பாக்கி எவ்வளவு, கூடுதல் பணத்தில் நம் வார்டுக்கு என்ன என்று நான்கு கேள்வியாகக் கேளுங்கள். ரேட்டை மாற்ற ஆட்சேபம் கேட்டு பஞ்சாயத்து அறிவிப்பு ஒட்டியிருந்தால் அதே கேள்விகளை அதற்கான பதிலாகவும் தனியாகக் கொடுங்கள். பதில் வரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கிராம சபை மினிட்ஸின் நகலையும் பாக்கி விவரத்தையும் கேளுங்கள், 30 நாளில் தர வேண்டும். விண்ணப்பம் எழுத வரவில்லை என்றால் என் ஆபீஸுக்கு வாருங்கள், இதற்கு நான் காசு வாங்குவதில்லை. போன வருட வரி ரசீதை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.