முன்தேதி போட்டு அனுமதிக் கடிதம் தர முடியாது

தீசிஸ் சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போதுதான் எங்கள் எத்திக்ஸ் கமிட்டிக்கு, அதாவது மனிதர்களிடம் செய்யும் ஆய்வைப் பார்த்து அனுமதி தரும் குழுவுக்கு, அந்தக் கோரிக்கை வருகிறது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் நாற்பது பணியர் பழங்குடி வீடுகளில் கேள்வித்தாள் நிரப்பியாயிற்று, அட்டவணையும் போட்டாயிற்று. இப்போது ஆய்விதழ் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி எண்ணைக் கேட்கிறது. "போன வருஷத் தேதி போட்டு ஒரு லெட்டர் மட்டும் கொடுங்க சார்." பல நேரம் கைடே அனுப்பி வைக்கிறார், அதுதான் கூடுதல் வருத்தம்.

தர முடியாது. களத்துக்குப் போகும் முன்பே கமிட்டி பார்த்து அனுமதித்திருக்க வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின் அடிப்படை. முடிந்த ஆய்வுக்குப் பின்னால் அனுமதி கிடையாது. பழைய தேதி போட்ட கடிதம் பொய் ஆவணம். அது வெளிவந்தால் மாணவரின் பட்டம், கையெழுத்துப் போட்டவரின் பதவி இரண்டும் போகும்.

"வெறும் கேள்வித்தாள்தானே, ஊசியா போட்டோம்?" என்ற வாதத்துக்கு எத்தனை முறை பதில் சொன்னாலும் அது திரும்பி வருகிறது. கேள்வியும் காயப்படுத்தும். "உங்கள் வீட்டில் யாருக்காவது சிக்கிள் செல் இருக்கிறதா?" என்று பரம்பரையாக வரும் அந்த ரத்த நோயைப் பற்றி, பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டுத் திண்ணையில், அக்கம்பக்கத்தார் நின்று கேட்க, ஒரு மாணவர் படித்தால் என்ன ஆகும்? எஸ்டேட்டில் கொழுந்து எடை போடும் இடத்தில் மேஸ்திரி பக்கத்தில் நிற்க, "கூலி ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டால் எந்த அக்கா உண்மை சொல்வார்? சொன்னால் நாளை அவருக்கு வேலை இருக்குமா? குடிப்பழக்கம், நிலப்பட்டா, கருக்கலைப்பு எல்லாமே இப்படித்தான். ஆபத்து மிகக் குறைவு என்றால் கமிட்டியே முழுப் பரிசீலனையிலிருந்து விலக்கு அளிக்கும், அல்லது விரைவாகப் பார்த்து முடிக்கும். ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது கமிட்டி. நீங்களோ உங்கள் கைடோ அல்ல.

அடுத்தது சம்மதப் படிவம். "எனது சுயவிருப்பின் பேரில் இவ்வாய்வில் பங்கேற்க இசைவளிக்கிறேன், தரவுகளின் இரகசியத்தன்மை பேணப்படும்." கோவையில் பட்டம் படித்தவரே நின்று யோசிக்கும் இந்த வரியை இருளர் வீட்டுப் பாட்டியிடம் வாசித்துக் காட்டிப் பெருவிரல் ரேகை வாங்கினால் அது சம்மதம் ஆகுமா? "வேண்டாம்னா இப்பவே சொல்லலாம், பாதியிலயும் நிறுத்தலாம். அதனால ரேஷனோ ஆஸ்பத்திரியோ நிக்காது. நீங்க சொன்னத உங்க பேரு போட்டு யாருக்கும் காட்ட மாட்டோம்." இப்படிச் சொல்லுங்கள், முடிந்தால் அவர்கள் பேச்சிலேயே சொல்ல ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, "நான் என்ன கேட்டேன், நீங்க சொல்லுங்க பாட்டி" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில்தான் சம்மதம் இருக்கிறது. ரேகை அதன் பிறகு.

ரேகை என்றால் சாட்சி வேண்டும். உங்கள் ஜீப் டிரைவர் சாட்சி அல்ல, கூட வந்த ஜூனியரும் அல்ல. ஊர்த்தலைவர் தலையாட்டியது ஊருக்குள் நுழைய வழி. அது ஒவ்வொருவரின் சம்மதத்துக்கும் ஈடாகாது. உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதம் வேறு, பிள்ளையின் சம்மதம் வேறு, வார்டன் கையெழுத்து இரண்டிலும் சேராது. ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள்: ஒருவருக்கு 20 நிமிடம் என்றால் 40 பேருக்கு 13 மணி நேரத்துக்கு மேல். நாற்பது படிவத்திலும் ஒரே தேதி, ஒரே பேனா, ஒரே கை என்றால் கமிட்டியின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பெயரை அழித்துவிட்டேன், போதும் என்பார்கள். நீலகிரியின் தோடர் பழங்குடியினர் மொத்தமே ஏறக்குறைய 2,000 பேர். மந்தின் (அவர்கள் குடியிருப்பின்) பெயர், வயது 47, இரண்டாம் திருமணம் என்று எழுதினால் ஊட்டி மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். மந்தை வட்டாரமாக்குங்கள், வயதை 40–50 ஆக்குங்கள், குலத்தை எடுத்துவிடுங்கள்.

திருட்டெழுத்து பற்றி ஒன்றே ஒன்று. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டதென்று நிம்மதியாகிவிடாதீர்கள். மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடும். போகாத வீட்டுக்கு நிரப்பிய கேள்வித்தாளை அது பிடிக்காது.

காலத்தைத் திட்டமிடுங்கள், தயவுசெய்து. கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் மழை. கோத்தகிரி, குன்னூரில் அக்டோபர், நவம்பரில். எல்லோரும் ஜனவரியில் களம் இறங்கத்தான் பார்க்கிறார்கள். அப்படியானால் விண்ணப்பம் ஆகஸ்ட்டிலேயே வர வேண்டும். கூட்டம் நடக்கக் குறைந்தது ஐந்து உறுப்பினர் வேண்டும், அதில் ஒருவராவது வெளியாள். மலைப்பாதையில் மண் சரிந்து அவர் வராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும். பழங்குடிப் பகுதி என்றால் மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரியின் அனுமதி, காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி, இரண்டையும் கூடவே தொடங்குங்கள்.

ஏற்கெனவே களப்பணி முடித்துவிட்டீர்களா? மறைக்காமல் கமிட்டிக்கு எழுதுங்கள். அந்தத் தரவை ஒதுக்கிவைத்துவிட்டு, அனுமதி வாங்கி, மறுபடியும் போங்கள். ஆறு மாதம் தள்ளும், தள்ளட்டும். போகும்போது சம்மதப் படிவத்தின் நகலை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அதில் இருக்கும் தொலைபேசி எண் உங்களுடையதாக, அடித்தால் நீங்கள் எடுப்பதாக இருக்கட்டும். ரத்தம் எடுத்திருந்தால் முடிவை அவரவரிடம் தனியாகக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல்லைக் கண்டறிந்து எழுதிய நாளிலிருந்து இந்த மக்கள் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தாளின் முடிவு ஆய்விதழுக்குப் போகும் முன் அந்த வீட்டுக்குப் போகட்டும்.