இடையஞ்சல்: ‘ரிலே’ என்பதற்கு நம் கையில் இருக்கும் சொல்

பினாங்கு லெபோ பாசாரில், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் இடத்தில், ஒரு கடைவீடு. கீழே துணிக்கடை, மாடியில் பயண ஏஜென்சி. கீழே இருப்பவர் மாமா, மேலே இருப்பவர் அவருடைய மருமகன். அஞ்சடியில் (கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையில்) நின்று பார்த்தால் வாசலுக்கு ஒரே எண்தான். அஞ்சல்காரர் மாடிப்படி ஏறமாட்டார். எல்லாக் கடிதத்தையும் கீழே கல்லாவில் கொடுத்துவிட்டுப் போவார். கல்லாவில் இருப்பவர் பெயரைப் பார்த்து, மாடிக்கு உரியதை மாடிக்கு அனுப்புவார்.

மின்னஞ்சல் மட்டும் இப்படி நடக்கவில்லை. இருவருக்கும் தனித்தனி டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்), தனித்தனி சர்வர். ஆனால் கட்டடத்துக்கு இணைய இணைப்பு ஒன்று, வெளியே தெரியும் ஐபி முகவரியும் ஒன்று. மாடிக்கு வரவேண்டிய மடல்கள் கீழே உள்ள சர்வரைத் தட்டி, ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்று திரும்பிப் போயின. என்னைக் கூப்பிட்டார்கள். “நடுவில் ஒரு ரிலே வைக்கணும், அங்கிள்” என்றேன். “ரிலேயா? பள்ளிக்கூடத்துல ஓடுவோமே, அதுவா?” என்று மாமா கேட்டார்.

அதுவேதான். அவருடைய கேள்வியில்தான் இந்தச் சொல்லின் தமிழும் இருக்கிறது.

ரிலே பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் அது வேட்டைச் சொல். மானைத் துரத்தும் நாய்கள் களைத்துவிடும் என்பதால், வழியில் வேறு நாய்களை முன்கூட்டியே நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படிக் காத்திருக்கும் புதிய நாய்க் கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். பிறகு நெடும்பயணத்தில் மாற்றிக்கொள்ளும் குதிரைகளுக்கு அது போனது. 1835-இல் ஜோசப் ஹென்றி, தூரம் போகப்போக வலுவிழக்கும் மின்சைகையைக் கொண்டே இன்னொரு மின்சுற்றை இயக்கும் கருவியைச் செய்தார். அந்த வகைக் கருவிக்கும் ரிலே என்ற பெயரே நிலைத்தது. நாயானாலும் குதிரையானாலும் மின்சாரமானாலும் உள்ளே இருக்கும் எண்ணம் ஒன்று: சுமப்பவர் மாறுவார், சுமை மாறாது.

இப்போது தமிழுக்கு வருவோம். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு விளையாட்டுப் போட்டி நாளின் கடைசி நிகழ்ச்சி நினைவிருக்கும்: நான்கு பேர், ஒரு கோல், அஞ்சல் ஓட்டம். கடிதம் கொண்டுவருவதும் அஞ்சல், கோலைக் கைமாற்றி ஓடுவதும் அஞ்சல். இரண்டும் ஒரே சொல்லாக அமைந்தது தற்செயல் அல்ல. திருவிதாங்கூர் அரசின் தபால் சேவைக்கு அஞ்சல் என்றே பெயர். மணி கட்டிய கோலுடன் ஓடும் ஆள் தன் எல்லை வரை ஓடி, பையை அடுத்த ஆளிடம் கொடுப்பார். 1951-இல் அந்தச் சேவை இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. ஆக, ஆள்மாற்றி ஆள் கொண்டுசெல்லும் முறையின் பெயர்தான், கொண்டுசெல்லப்படும் கடிதத்துக்கும் ஆகிவந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘போஸ்ட்’ கூட இப்படித்தான்: வழியில் இடம்விட்டு இடம்விட்டு நிறுத்தப்பட்ட ஆள் என்பதே அதன் பழைய பொருள். (அச்சப்படுதல் என்ற பொருளில் வரும் அஞ்சல் வேறு சொல். இரண்டையும் குழப்ப வேண்டாம்.)

நம் நாட்டில் இந்தச் சொல்லுக்குக் கணினியோடும் பழைய உறவு உண்டு. முத்து நெடுமாறன் தமிழ் தட்டச்சுக்கு உருவாக்கிய மென்பொருளின் பெயர் முரசு அஞ்சல். ஆப்பிள் கணினியில் தமிழ் விசைப்பலகையைத் தேடினால் ‘அஞ்சல்’ என்றே ஒன்று இருக்கும்.

சரி, மெயில் ரிலே என்பதை எப்படிச் சொல்வது? அஞ்சல் அஞ்சல் என்று இரட்டிக்க முடியாது. கைமாற்று என்றால் நம் ஊரில் வட்டியில்லாமல் வாங்கும் சின்னக் கடன். கடத்தி என்றால் கள்ளக்கடத்தல் நினைவுக்கு வரும். ‘முன்னனுப்பி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஃபார்வர்ட் செய்யும்போது பெறுநரே மாறிவிடுகிறார்: உங்களுக்கு வந்ததை நீங்கள் இன்னொருவருக்கு அனுப்புகிறீர்கள். ரிலேயில் பெறுநர் முகவரி அப்படியே இருக்கும், கொண்டுபோகும் கைதான் வேறு. ஆகவே என் தேர்வு இடையஞ்சல். இடையில் நின்று வாங்கி, உரியவரிடம் சேர்ப்பது. சொன்னவுடனே அந்த அங்கிளுக்குப் புரிந்தது. அது எனக்குப் போதுமான சான்று.

இடையஞ்சல் ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு எண்களால் எழுதும் ஐபி முகவரிகள் (ஐபிவி4) மொத்தமே சுமார் 429 கோடி. 2011-இலேயே உலகப் பொது இருப்பு தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே முகவரிக்குப் பின்னால் பல சர்வர்கள் இருப்பது சாதாரணம். இணையதளங்களுக்கு இதில் தொல்லை குறைவு, ஏனென்றால் உலாவி இணைந்த உடனே எந்தத் தளம் வேண்டும் என்று பெயரைச் சொல்லிவிடும். மின்னஞ்சலில் வரிசையே வேறு. அனுப்பும் சர்வர், சர்வர்கள் மடல் கைமாற்றும் வாசலான 25-ஆம் போர்ட்டில் வந்து நிற்கும். வாங்கும் சர்வர்தான் முதலில் வணக்கம் சொல்லும். பிறகு வந்தவர் தன் பெயரைச் சொல்வார், அனுப்புநரைச் சொல்வார், அதற்கப்புறம்தான் ‘யாருக்கு’ என்பது வரும். அதற்குள் ரவுட்டர் இணைப்பை ஏதோ ஒரு சர்வரிடம் கொடுத்து முடித்திருக்கும். ஒரு டொமைனின் மடலை எந்த சர்வர் வாங்கும் என்று ஊருக்குச் சொல்லும் எம்எக்ஸ் பதிவிலும் ‘வேறு போர்ட்டுக்கு வா’ என்று எழுத வழியில்லை. வாசல் ஒன்று, அதில் கேட்டு வாங்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் இடையஞ்சல் சர்வர். இரண்டு டொமைன்களின் எம்எக்ஸ் பதிவும் அதையே காட்டும். 25-ஆம் போர்ட் அதற்கே திறக்கும். அது ‘யாருக்கு’ என்பதைக் கேட்டு, துணிக்கடை டொமைன் என்றால் கீழ் சர்வருக்கும், ஏஜென்சி டொமைன் என்றால் மேல் சர்வருக்கும் உள்முகவரி வழியாகக் கொடுக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் சர்வர் மென்பொருளில் இதற்கு ஒரு டிரான்ஸ்போர்ட் அட்டவணை போதும்: எந்த டொமைனின் மடல் எந்த சர்வருக்கு என்று டொமைனுக்கு ஒரு வரி. ஒரே ஒரு கவனம்: உள் சர்வரைப் பெயரால் குறித்தால் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். அடைப்புக்குறி இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயரின் எம்எக்ஸ் பதிவைத் தேடும். அந்தப் பதிவு இடையஞ்சலையே காட்டினால், தன்னிடமே மடல் திரும்பி வருகிறது என்று புகார் சொல்லிவிட்டு நின்றுவிடும். நானே ஒருமுறை இதில் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் முக்கியம். உள்ளே யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று இடையஞ்சலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால், உள் சர்வர் மறுத்ததும் இடையஞ்சலே அனுப்புநருக்கு ‘சேரவில்லை’ என்று எழுதும். குப்பை மடல்களில் அனுப்புநர் முகவரி போலியாக இருக்கும். சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் பெட்டியில் நம்முடைய மறுப்புக் கடிதங்கள் குவியும். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இதைவிட மோசமானது, எவர் கொடுத்தாலும் எவருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ‘ஓப்பன் ரிலே’. இணையத்தின் ஆரம்பத்தில் அது இயல்பான உதவியாக இருந்தது. பிறகு குப்பை மடல்காரர்கள் அதன் முதுகில் ஏறினார்கள். 1998-இல் வந்த சென்ட்மெயில் என்ற மடல் சர்வர் மென்பொருளின் 8.9 பதிப்பு, இப்படி எவருக்கும் ரிலே செய்வதை இயல்பிலேயே தடுத்துவிட்டது. இதைத் தமிழில் ‘கட்டற்ற இடையஞ்சல்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கட்டற்ற மென்பொருள் என்று நல்ல பொருளில் வழங்கும் சொல் அது. காவலில்லா இடையஞ்சல் என்பதே பொருத்தம். முகவரி ஒன்றாக இருப்பதால், கீழ்க்கடை சர்வரிலிருந்து குப்பை போனால், குப்பை அனுப்பும் முகவரிகளின் தடைப்பட்டியலில் மாடி ஏஜென்சியும் சேர்ந்தே மாட்டும். வெளியே போகும் மடலையும் இடையஞ்சல் வழியாகவே அனுப்பச் சொல்வது இதைக் கண்காணிக்கத்தான்.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க, வந்த மடலின் தலைப்பகுதியைத் திறந்து ‘ரிசீவ்ட்’ வரிகளைப் படியுங்கள். வாங்கிய ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்த்திருக்கும், ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைத்தெரு மாடியில் அன்று சாயங்காலம் வந்த முதல் மடலின் உச்சியில் அப்படி இரண்டு வரிகள் இருந்தன: இடையஞ்சல் வாங்கியது, அதற்கு மேலே மாடி சர்வர் வாங்கியது.