விமானச் சக்கர அறைக்குள் ஒளிந்துகொள்ளும் சிறுவர்கள்: அவர்கள் போடும் கணக்கு

2025 செப்டம்பரில் காபூலிலிருந்து வந்து டெல்லியில் இறங்கிய பயணிகள் விமானம் ஒன்றின் அருகே, 13 வயது ஆப்கன் சிறுவன் ஒருவன் நடந்துகொண்டிருந்தான். குண்டூஸ் ஊர்க்காரன். விமானத்தின் பின்சக்கரங்கள் மடங்கி உள்ளே போகுமே, அந்த அறையில் ஒளிந்து சுமார் ஒன்றரை மணி நேரம் பறந்து வந்திருக்கிறான். ஏன் என்று கேட்டவர்களிடம், சும்மா ஓர் ஆர்வத்தில் என்றானாம். அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படி ஒரு செய்தி வந்தால் பாதிப் பேர் 'என்ன தைரியம்' என்பார்கள், மீதிப் பேர் 'என்ன முட்டாள்தனம்' என்பார்கள். வளரிளம் பருவத்து மூளையை ஆராய்கிறவர்களைக் கேட்டால், இரண்டுமே சரியில்லை என்பார்கள்.

முதலில் அந்த அறையைப் பற்றி. அங்கே வெப்பமூட்டும் வசதி கிடையாது, காற்றழுத்தம் சீராக்கப்படுவதும் இல்லை. 35,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 54 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கால் பங்கு. எவரெஸ்ட் உச்சியே 29,000 அடிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். கிளம்பியதும் சக்கரம் மடங்கும்போது நசுங்கிப் போகலாம். இறங்கும் நேரத்தில் கதவு திறக்கும்போது, மயங்கிக் கிடப்பவர் அப்படியே கீழே விழலாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1947 முதல் 2014 வரை தொகுத்த கணக்கில், உலகம் முழுவதும் இப்படிப் பறந்தவர்கள் 105 பேர். பிழைத்தவர்கள் 25 பேர். யார் கண்ணிலும் படாமல் கடலில் விழுந்தவர்கள் இதில் வர வழியில்லை.

அந்த 25 பேரும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கும் விளக்கம் உண்டு. ஓடுபாதையில் சூடேறிய டயர்களும், சக்கரங்களை இயக்கும் எண்ணெய் ஓடுகிற ஹைட்ராலிக் குழாய்களும் முதல் சில நிமிடங்களுக்குக் கதகதப்புத் தருகின்றன. விமானம் மேலே ஏற ஏற ஆக்சிஜன் குறைந்து நினைவு தப்புகிறது. கூடவே உடலும் குளிர்ந்துகொண்டே போவதால் மூளைக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறைந்துவிடுகிறது. இந்த இரண்டும் சரியான வேகத்தில் ஒத்துப்போனால் உயிர் தங்கும். இதை யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாது.

சரி, பிள்ளைகள் யோசிக்காமல்தான் ஏறுகிறார்களா? 1999-இல் கினி நாட்டின் கோனாக்ரியிலிருந்து பிரசெல்ஸ் போன விமானத்தின் சக்கர அறையில், 14, 15 வயதுச் சிறுவர்கள் இருவர் உறைந்து இறந்து கிடந்தார்கள். உடம்பில் பல அடுக்கு உடை. பையில் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மதிப்பெண் அட்டை, ஐரோப்பியத் தலைவர்களுக்கு எழுதிய ஒரு கடிதம். உயிரைப் பணயம் வைக்கிறோம் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். இதில் யோசனைக் குறைவு எங்கே இருக்கிறது? நிதானமாக உட்கார்ந்து திட்டம் போடும் திறமை 16 வயதுவாக்கிலேயே பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது என்பது உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் போன்றவர்கள் கண்டது. குளிருக்கு நான்கு சட்டை மாட்டிக்கொள்ளலாம் என்று அந்த மூளைக்குத் தெரியும். மெலிந்த காற்றுக்கு எதை மாட்டுவது?

இந்த இடத்தில்தான் 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அக்னியெஷ்கா டிமுலாவும் சக ஆய்வாளர்களும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளையும், 30 முதல் 50 வயதுக்காரர்களையும் பரிசுச்சீட்டு மாதிரியான ஓர் ஆட்டம் ஆடவைத்தார்கள். சில சுற்றுகளில் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். சிலவற்றில் அதில் ஒரு பகுதியை மறைத்துவிட்டார்கள். வாய்ப்பு தெரிந்திருந்த சுற்றுகளில் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகமாகவே தயங்கினார்கள். வாய்ப்பு தெரியாத சுற்றுகளில்தான் துணிந்து இறங்கினார்கள். அதாவது, ஆபத்து அவர்களுக்குப் பிடிக்கும் என்பது சரியல்ல. என்ன ஆகும் என்று தெரியாத நிலை, பெரியவர்களைப் போல அவர்களை உறுத்துவதில்லை, அவ்வளவுதான். புதிதாக எதையாவது செய்து பார்த்தே உலகத்தைக் கற்கவேண்டிய வயதுக்கு இது தேவையான குணமும்கூட. சக்கர அறைக்குள் என்ன நடக்கும் என்பதோ, பெரும்பாலான பெரியவர்களுக்கே தெரியாத விஷயம்.

கெட்ட செய்தி பிள்ளைகள் காதில் முழுசாக ஏறுவதில்லை என்பது இன்னொரு சிக்கல். 2013-இல் லண்டனில் 9 முதல் 26 வயதுவரை உள்ளவர்களிடம், உங்கள் வாழ்க்கையில் இன்ன கெடுதல் நேர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டுவிட்டு, உண்மையான விகிதத்தைச் சொல்லி, மறுபடியும் கேட்டார்கள். உண்மை நிலவரம் தாங்கள் நினைத்ததைவிட நல்லதாக இருந்தால் எல்லா வயதினரும் ஒரேபோலத் திருத்திக்கொண்டார்கள். மோசமாக இருந்தால், வயது குறையக் குறைய அந்தத் திருத்தமும் குறைந்தது. இதற்கு மேல் கதைகள் வேறு. திருட்டு ரயில் ஏறி சென்னைக்கு வந்து ஜெயித்தவர்களின் பேட்டிகளைக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அதே ரயிலில் வந்து தொலைந்துபோனவர்களை யார் பேட்டி எடுத்தார்கள்?

சுறாமீன்களோடு நீந்துவது நல்ல யோசனையா? அபிகெய்ல் பேர்ட் என்ற ஆய்வாளர் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தார். பெரியவர்கள் சட்டென்று 'இல்லை' என்றார்கள். வளரிளம் பருவத்தினரும் 'இல்லை' என்றுதான் சொன்னார்கள், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு. உளவியலாளர் வேலரி ரெய்னா இதற்குத் தரும் விளக்கம் சுவாரசியமானது. பெரியவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளில் கணக்கே போடுவதில்லை. 'உயிர் போகிற காரியம், வேண்டாம்' என்று சாரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள்தான் லாபத்தையும் நஷ்டத்தையும் எடை போடுகிறார்கள். லாபம் பெரிதாகத் தெரிந்தால் கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பக்கத்தில் ஒரு கூட்டாளி இருந்துவிட்டால் இன்னும் சாயும். ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005-இல் வெளியிட்ட கார் ஓட்டும் விளையாட்டு ஆய்வில், நண்பர்கள் பார்க்கும்போது 13–16 வயதினர் எடுத்த ஆபத்துகள் வெகுவாகக் கூடின. 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. கோனாக்ரியில் ஏறியவர்கள் இருவர். 1996-இல் டெல்லியிலிருந்து லண்டனுக்கு இப்படிப் போனவர்களும் இருவர், அண்ணனும் தம்பியும். அண்ணன் மட்டும் பிழைத்தார். வட ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வசமுள்ள மெலில்யா துறைமுகத்தில், கப்பலேறும் லாரிகளுக்கு அடியில் ஒளிந்துகொள்ளப் பார்க்கும் மொராக்கோ சிறுவர்கள் ராத்திரியில் கூட்டமாகத்தான் கிளம்புகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரிஸ்கி'. ஆபத்து என்று தெரிந்தே வைத்த பெயர்தான்.

அதனால் 'ஆபத்து, போகாதே' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் பெரிய பலன் இருக்காது என்று நினைக்கிறேன். ஏறியவர்களில் நான்கில் மூன்று பேர் செத்தார்கள், இந்த உயரத்தில் நினைவு தப்பும், கதவு திறக்கும்போது விழுவாய் என்று பிட்டுப் பிட்டு வைத்தால், தெரியாத ஆபத்து தெரிந்த ஆபத்தாகிறது. டிமுலாவின் ஆட்டத்தில் பிள்ளைகள் பின்வாங்கியது அப்போதுதான்.

ஆனால் எல்லோருக்கும் இது போதாது. 2014 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சான் ஹோசே விமான நிலையத்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் வேலி தாண்டி, ஹவாய்த் தீவுகளுக்குப் போகும் விமானத்தின் சக்கர அறையில் ஏறிக்கொண்டான். 38,000 அடி உயரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் பயணம். இறங்கியும் கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்து, பிறகுதான் எழுந்து வந்தான். சோமாலியக் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவில் அப்பாவோடு இருந்தான். அம்மா எத்தியோப்பியாவில் ஓர் அகதி முகாமில். அவரைப் பார்க்கத்தான் கிளம்பினான். ஹவாயிலிருந்து எத்தியோப்பியா இன்னும் பாதி உலகம் தள்ளி இருக்கிறது. அவனிடம் அந்த 105, 25 கணக்கைச் சொல்லியிருந்தால் ஏறாமல் இருந்திருப்பானா என்பது சந்தேகம்தான். தராசின் மறுதட்டில் இருந்தது அம்மா. அதன் எடையை எந்தப் புள்ளிவிவரமும் குறைக்காது. அவனுக்குத் தேவைப்பட்டது வேறு: அம்மாவோடு பேச ஒரு தொலைபேசி, ஒரு விசா, எப்போது பார்க்கலாம் என்று யாராவது சொல்லும் ஒரு தேதி.