பால் பல்லுத்தானே என்று விடாதீர்கள்

போன கிழமையும் ஒரு பிள்ளை. 4 வயது. வலது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடிவிட்டது, காய்ச்சல் வேறு. வாயைத் திறந்து பார்த்தால் மேல் கடைவாயில் இரண்டு பல் முரசுவரை சூத்தை, பக்கத்தில் சீழ்க் கொப்புளம். எப்போதிருந்து என்று கேட்டேன். "ஓட்டை கனநாளா இருந்தது மகள். பால் பல்லுத்தானே, விழுந்திடுமெண்டு விட்டுட்டம்" என்றார் அம்மம்மா. வார்ட்டில் வைத்து ஊசிமருந்து ஏற்ற வேண்டி வந்தது.

மட்டக்களப்பில் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

பால் பல் விழும்தான். எப்போது விழும்? முன்பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்களோ 10 முதல் 12 வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. 4 வயதில் சூத்தை விழுந்த பல்லோடு அந்தப் பிள்ளை இன்னும் ஆறேழு வருடம் சோறு மெல்ல வேண்டும், நித்திரை கொள்ள வேண்டும், பள்ளிக்கூடத்தில் பாடம் கவனிக்க வேண்டும். பால் பல்லின் மிளிரி, அதாவது வெளிப்பக்கத்துக் கடின ஓடு, மெல்லியது, நரம்பும் கிட்டத்திலேயே இருக்கிறது. சூத்தை உள்ளே இறங்கச் சில மாதங்களே போதும். அந்த வேருக்கு அடியில்தான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. அங்கே சீழ் தேங்கினால் பின்னால் வரும் பல்லிலும் கறையோ குழியோ விழலாம். சரி, பிடுங்கிவிடலாம் என்றால், நேரத்துக்கு முன் பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்துப் பல் நகர்ந்து வந்துவிடும். நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். பிறகு கம்பி போடக் காசு தேடி அலைவதும் நீங்கள்தான்.

இதைவிட மோசமானது இன்னொன்று. 6 வயதளவில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே நினைக்கிறீர்கள். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான். இன்றைக்கே பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள்.

பல்லுக்குள் புழு கிடையாது. புகை காட்டிப் புழு எடுப்பதாகச் சொல்பவர்களிடம் கொண்டுபோக வேண்டாம். கராம்பு வைத்தாலும் பனடோல் கொடுத்தாலும் நோவு அடங்குமே தவிரச் சூத்தை நிற்காது. பாமசியில் வாங்கிக் கொடுக்கும் அன்டிபயோட்டிக்கும் அப்படித்தான். வீக்கம் வற்றும், பல்லைக் கவனிக்காவிட்டால் திரும்ப வரும்.

பால்போத்தலை வாயில் வைத்தபடி நித்திரையாக்காதீர்கள். நித்திரையில் எச்சில் குறைந்துவிடும், இனிப்பு பல்லிலேயே கிடக்கும். எவ்வளவு சீனி என்பதோடு எத்தனை தரம் என்பதையும் பாருங்கள். அழும்போதெல்லாம் ஒரு பிஸ்கட், கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு டொபி என்ற பழக்கம்தான் பல்லைத் தின்கிறது.

முதல் பல் முளைத்த நாளிலிருந்து புளோரைட் உள்ள பற்பசையால் காலையும் இரவும் விளக்குங்கள். 3 வயதுவரை அரிசிமணி அளவு, அதற்குப் பிறகு பட்டாணி அளவு. துப்பப் பழக்குங்கள், விழுங்க விடாதீர்கள். அம்பாறை மாவட்டத்தில் கிணற்றுநீரில் புளோரைட் கூடிய இடங்கள் உண்டு. அந்த நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் வரும் பழுப்புக் கறை சூத்தையல்ல, அது வேறு பிரச்சினை. அங்கே பற்பசையைப் பற்றி டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 7, 8 வயதுவரை பிரஷ் உங்கள் கையில் இருக்க வேண்டும். "அவனே விளக்குவான்" என்று சொல்லாதீர்கள்.

முரசோரத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம். அந்த நேரத்திலேயே பிள்ளையைக் கொண்டுவந்தால் புளோரைட் வார்னிஷ் பூசியே நிறுத்திவிடலாம். ஓட்டை விழுந்தால் அடைக்கலாம். நரம்பைத் தொட்டிருந்தாலும் பல பால் பற்களைக் காப்பாற்றலாம். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களும் சின்னப் பிள்ளைகளுக்காகவே இருக்கின்றன. வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரையிலிருந்து துறை தாண்டி வருபவர்களுக்கு ஒருநாள் கூலி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கெஞ்சுகிறேன், நோவு வருமுன் ஒரு தரம் கொண்டுவந்து காட்டுங்கள்.

தாடைக்குக் கீழே வீங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டாலோ, கண் மூடும் அளவுக்கு வீக்கம் ஏறினாலோ விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். பல் கிளினிக் பூட்டியிருக்கும் என்று யோசிக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.