வகுப்பறைக் காட்சிப் பலகை: யார் பார்ப்பதற்கு?

மேலூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கும் அறிவியலும் நடத்திவருகிறேன். பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள், என் வகுப்பின் காட்சிப் பலகைதான் பள்ளியிலேயே அழகானது என்று பெயர் வாங்கியிருந்தது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால், முந்தைய நாள் மாலையே வண்ணத்தாள், தெர்மாகோல், ஜிகினா எல்லாம் வாங்கிவந்து, இருட்டும் வரை உட்கார்ந்து நானே வெட்டி ஒட்டிவிடுவேன். வந்தவர் பாராட்டிவிட்டுப் போவார். அதன்பின் அடுத்த ஆய்வு வரைக்கும் அந்தப் பலகை வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளில் ஒருவராவது அதன் முன் நின்று எதையேனும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. வாசிக்கவும் முடியாது, பலகையின் அடிவிளிம்பே தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தது.

தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007-08ஆம் கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் பரவலானபோது, சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் எழுதுவதற்கென்றே கரும்பலகைகள் அமைந்தன. அவர்களுடைய படைப்புகளைத் தொங்கவிட வகுப்பறையின் குறுக்கே கம்பிப் பந்தல் கட்டப்பட்டது. அந்த முறையைப் பற்றி ஆசிரியர்களிடையே பல கருத்துகள் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் வகுப்பறைச் சுவர் பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும் என்று அது சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. எங்கள் பலகையைக் கழற்றி, அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் வருமாறு கீழிறக்க, ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை இருந்தது. அந்த அரை நாளுக்குள் வர எனக்குப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதுதான் வெட்கம்.

உயரத்தைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் நீர்ச் சுழற்சியை வரையச் சொல்லி, சிவப்பு மையில் மதிப்பெண் போட்டு, எல்லாத் தாள்களையும் வரிசையாகக் குத்திவைத்தேன். மதிய உணவு இடைவேளையில் உள்ளே வந்தபோது, ஒரு சிறுமி பலகையோடு ஒட்டி நின்று தன் தாளின் மூலையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். பத்துக்கு நான்கு. என்னைக் கண்டதும், "டீச்சர், இத எடுத்துக்கிறவா? அடுத்த தடவ நல்லா வரைஞ்சு தாரேன்" என்றாள். தாளை வாங்கி மறுபடி பார்த்தேன். பாடநூலில் இருந்த கடலுக்குப் பதிலாக அவள் தன் ஊர்க் கண்மாயை வரைந்து, அதிலிருந்து ஆவி மேலே போவதையும், பக்கத்துக் கிணற்றில் ஊற்று சுரப்பதையும் காட்டியிருந்தாள். கடல் இல்லையென்று மதிப்பெண்ணைக் குறைத்தது நான். அன்றிலிருந்து மதிப்பெண் போட்ட தாள் எதையும் நான் பலகையில் ஏற்றுவதில்லை. திருத்தம் நோட்டுக்குள்ளேயே இருக்கும். பலகைக்குப் போகும் தாளில் பிள்ளையின் பெயரும் தேதியும், அவர் எதைக் கண்டுபிடித்தார் என்பதை அவரே எழுதிய ஒரு வரியும் இருக்கும். தர வரிசைப் பட்டியலும் விடுப்பெடுத்தவர் பெயர்களும் வகுப்பறைச் சுவரில் தொங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பலகை நிறைந்திருந்தால் நல்லது என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சிறு குழந்தைகளை வைத்து நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், சுவரெல்லாம் அலங்காரம் நிறைந்த அறையில் இருந்தபோது குழந்தைகளின் கவனம் அதிகம் சிதறியதும், வெறுஞ்சுவர் அறையில் படித்ததைவிட அங்கே குறைவாகக் கற்றதும் தெரியவந்தன. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் 153 வகுப்பறைகளைப் பார்த்து 2015இல் வெளியிட்ட அறிக்கையோ, சுவர்ப் பரப்பில் 20 முதல் 50 விழுக்காட்டை வெறுமையாக விடச் சொல்கிறது. நம் வகுப்பறைகளில் தலைவர்கள் படம், பொன்மொழி, திருக்குறள், பூச்சரம் எல்லாம் போக மிஞ்சுவது சன்னல்தான். கரும்பலகை இருக்கும் சுவரில் நான் இப்போது எதையும் மாட்டுவதில்லை. காட்சிப் பலகை பக்கவாட்டுச் சுவரில், நடத்திக்கொண்டிருக்கும் பாடத்துக்கு மட்டும்.

எங்கள் பலகை உயிர்பெற்றது வைகை அணையால்தான். நாளிதழில் தினமும் வரும் அணை நீர்மட்டத்தை வரைபடமாக்கலாம் என்று ஏழாம் வகுப்பில் தொடங்கினோம். அணையில் தண்ணீர் நிற்கும் முழு உயரம் 71 அடி. கடையில் கிடைக்கும் சார்ட் தாளின் நீளம் 28 அங்குலம், அதாவது ஏறக்குறைய 71 செ.மீ. ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் அணை அப்படியே தாளுக்குள் அடங்கிவிடுகிறது என்பதை ஒரு மாணவன்தான் அளவுகோலை வைத்துக் கண்டுபிடித்தான். அகலத்தில் 56 செ.மீ.; ஒரு நாளுக்கு ஒன்று என்றால் சரியாக எட்டு வாரம். வெள்ள அபாய எச்சரிக்கை விடப்படும் 66, 68.5, 69 அடிகளில் மூன்று சிவப்புக் கோடுகள் போட்டோம். காலையில் முதலில் வருபவர் அன்றைய புள்ளியை வைப்பார். அதற்காகவே மணியடிக்கும் முன்பே இரண்டு பேர் ஓடிவருவார்கள்.

இன்னொரு குழு தாளை 50 அடியில் தொடங்கி, ஓர் அடிக்கு மூன்று சென்டிமீட்டர் என வரைந்திருந்தது. எண்கள் ஒன்றுதான், ஆனால் முதல் தாளில் மெல்ல ஏறிய கோடு இரண்டாவதில் செங்குத்தாக நின்றது. "டீச்சர், அந்தப் படத்தப் பாத்தா அணை நாளைக்கே நெறஞ்சிரும் போல இருக்கு" என்று ஒருவன் சொல்ல, எது பொய், எது மெய் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. அளவுத்திட்டம் என்ற பாடத்தை அன்று நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை. வேறொருத்தி, "நம்ம ஊர்ல மழையே இல்ல, அணை மட்டும் எப்படி ஏறுது?" என்று சீட்டில் எழுதிப் பலகையின் ஓரத்தில் குத்திவைத்தாள். நான் பதில் சொல்லாமல் விட்டுவைத்தேன். நான்காம் நாள் அதன் கீழே வேறொரு கையெழுத்தில் பதில் வந்தது: தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிறது, 1895இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாகத் தண்ணீர் இங்கே வருகிறது. கால்வாய்த் தண்ணீர் கள்ளந்திரி வரை இருபோகத்துக்கு, அதைத் தாண்டி மேலூருக்கு ஒருபோகத்துக்கு என்று அதற்கும் கீழே எழுதியது யாரோ ஒருவருடைய தாத்தாவின் சொல்லாக இருக்க வேண்டும்; பாடநூலில் அது இல்லை.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெர்மாகோல் இரண்டு பருவம்கூடத் தாங்காமல் உதிர்கிறது. பிளைவுட் மீது பழைய சணல் சாக்கை இழுத்து ஆணியடித்தால் பல ஆண்டு வரும். மைதாப் பசையைக் கரப்பான் தேடி வரும். சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டினால் சுவரும் சேர்ந்து உரிந்து வரும். ஆடிக் காற்றுக்கு ஒரு தாளுக்கு நான்கு மூலையிலும் ஊசி வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குக் குண்டூசி வேண்டாம், கயிறு கட்டித் துணிக் கிளிப் போடுவதே பாதுகாப்பு.

இரண்டு வாரத்துக்கு மேல் எந்தத் தாளும் பலகையில் இருக்காது என்பது எங்கள் வழக்கம். இறக்கிய தாள்கள் தேதிவாரியாக அவரவர் கோப்புக்குப் போகும். அணைத் தாளுக்கு மட்டும் விலக்கு. ஏப்ரலில் எல்லாவற்றையும் கழற்றும்போது, ஆறாம் வகுப்பிலிருந்து ஏறிவரப் போகும் பிள்ளைகள் வந்து அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். இந்த ஆண்டின் நீலக் கோட்டுக்கு மேலேயே அதே வாரங்களுக்குத் தங்கள் ஆண்டின் கோட்டைப் போட வேண்டுமாம். பச்சை ஸ்கெட்ச் பேனா ஒன்றை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள்.