குளிர்காட்டில் தழைச்சத்து தேடும் பூஞ்சை

சென்னையில் உதிரும் வேப்பஞ்சருகு வெயிலும் மழையும் பட்டு சில மாதங்களில் மக்கிவிடும். அதிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பாக்டீரியாக்கள் அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்ற, வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். ஸ்வீடன், கனடா பைன் காடுகளில் கதையே வேறு. மண் குளிர்ந்தது, புளிப்பானது. சருகு மக்காமல் மெத்தையாகச் சேர்ந்து கிடக்கும். நைட்ரஜன் இல்லாமல் இல்லை. பெரும்பகுதி புரதமாகவும், பூச்சி ஓட்டிலும் பூஞ்சைச் சுவரிலும் உள்ள கைட்டினாகவும், டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு பிணைந்து முடங்கிக் கிடக்கிறது.

அதை வெளியே எடுப்பது வேர்ப்பூஞ்சை. 1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் இதற்கு 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். பைன், ஓக், பிர்ச் மரங்களின் வேர்நுனியை உறையாக மூடி, வேர்ச்செல்களின் இடுக்குகளில் வலையாகப் பரவும். வெளியே, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத இழைகள் மண்ணைத் துழாவும். இவை கசியவிடும் புரோட்டியேஸ் நொதி, புரதத்தை அமினோ அமிலங்களாக நறுக்குகிறது. டானின் பிடி கெட்டியாக இருந்தால் கார்ட்டினேரியஸ் வகைக் காளான்கள் சில பெராக்சிடேஸ் நொதியை இறக்கும். ரோடோடென்ட்ரான் குடும்பத்துக்கு வேறொரு பூஞ்சை. அது வேர்ச்செல்லுக்குள்ளேயே புகுந்து சுருண்டுகொள்ளும். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு இந்தக் குடும்பம்தான்.

லக்காரியா பைகலர் என்ற காளான் இன்னும் ஒரு படி மேலே. ஸ்பிரிங்டெயில் என்ற எள்ளளவு மண்ணுயிர் பூஞ்சையை மேய வரும். லக்காரியாவோ அதை முடக்கிக் கொன்று, உடலுக்குள் இழையைச் செலுத்திச் செரித்துவிடும். 2001இல் வெளியான ஒரு சோதனையில், வெள்ளைப் பைன் கன்றுகளின் நைட்ரஜனில் 25 விழுக்காடு வரை இந்தச் சிற்றுயிர்களிடமிருந்து வந்திருந்தது. பூச்சியைத் தின்னும் பைன் என்றே சொல்லலாம், கொல்வது மட்டும் வேறொருவர்.

எதுவும் சும்மா இல்லை. இலை தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கு பூஞ்சைக்குக் கூலி. மண்ணில் நைட்ரஜன் மிகவும் குறைந்தால், பூஞ்சை தன் வயிற்றை முதலில் பார்த்துக்கொண்டு மரத்துக்குக் கிள்ளித்தான் கொடுக்கும் என்கின்றன ஸ்வீடன் ஆய்வுகள். இதைப் பாடப்புத்தகங்கள் தோழமை என்று கொண்டாடுவது எனக்குக் கொஞ்சம் மிகையாகவே படுகிறது.

நம் ஊர் நர்சரிகளில் 'வேம்' என்று விற்கும் வேர் உட்பூசணத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு இனம். புரதத்தை உடைக்கும் திறன் அதற்குப் பெரிதாகக் கிடையாது. கொண்டுவந்து கொடுப்பது முக்கியமாக மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். மாடித்தோட்டத்துக் கத்தரிக்குத் தழைச்சத்து போதவில்லை என்றால், கடலைப்புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றுங்கள்.